தூரவாணி நகருக்குத் தெரிந்த நோய்

1960களில் சிகாகோவில் செய்த பின்பால் எந்திரம் ஒன்றின் மேல்கண்ணாடியைக் கழற்றி, ஆட்டப் பலகையைத் தூக்கி நிறுத்தினால் அடியில் ஒரு சிப்கூட இருக்காது. ரிலேக்கள், காயில்கள், துணி சுற்றிய கம்பிகள் மட்டுமே. பெங்களூருவில் ஒரு தலைமுறைக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 1948இல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் (ஐ.டி.ஐ.), அங்குள்ள தூரவாணி நகரில் செய்து நாடெங்கும் அனுப்பிய ஸ்ட்ரோஜர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் இதே குடும்பம்தான். டயலைச் சுழற்றினால் மின்காந்தம் இழுக்க, செலக்டர் படிப்படியாக ஏறும். பின்பாலில் 80 கிராம் எஃகுக் குண்டு ஒரு ஸ்விட்சைத் தட்டினால் எண் சக்கரம் ஒரு படி நகரும். 1891இல் ஸ்ட்ரோஜர் காப்புரிமை பெற்ற வித்தையின் விளையாட்டு வடிவம் என்றே இதைச் சொல்லலாம்.

நோயும் ஒன்றே: அழுக்கேறிய காண்டாக்ட். ஒவ்வொரு முறை பிரியும்போதும் சிறு பொறி தெறித்து முனை கறுக்கும். பார்த்தால் தொடுவதுபோல் இருக்கும்; மின்சாரம் போகாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தடித்த அட்டைத் துண்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்தால் பெரும்பாலும் போதும். உப்புத்தாள் வேண்டாம், வெள்ளி முனை தேய்ந்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயைக் கையிலேயே எடுக்காதீர்கள். அது ஆல்கஹாலைப்போல் முழுதாக உலர்ந்துவிடாது; எரியும், உள்ளேயோ பொறி பறக்கிறது.

குண்டைத் திருப்பி அடிக்கும் கையான ஃபிளிப்பர்தான் சுவையான இடம். 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில் வந்த இந்தக் கைகள்தான் சூதாட்டச் சாயல் கொண்டிருந்த பெட்டியைத் திறமை ஆட்டமாக்கின. அதன் காயிலில் பொதுவாக இரண்டு சுற்றுகள் உண்டு. தடித்த கம்பிச் சுற்று கையை விசையோடு தூக்கும். கை உச்சியைத் தொட்டதும் ஒரு ஸ்விட்ச் திறந்து, மெல்லிய சுற்றையும் வழியில் சேர்க்கும். மின்னோட்டம் குறைந்து, பிடித்து வைக்க மட்டும் போதுமானதாகிவிடும். அந்த ஸ்விட்ச் அழுக்கானால் கை சோம்பும். திறக்காமலே போனால், பொத்தானை அழுத்திப் பிடித்த சில நொடிகளில் காயில் கருகும் வாசம் வரும். முதலில் பார்க்க வேண்டியது அந்த ஸ்விட்ச், பிறகுதான் காயில். ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவது தற்கொலை.

நம் ஊர் மின்சாரம் வேறு ஒரு சங்கதி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. அதனால் புள்ளி ஏற்றும் ஸ்கோர் மோட்டார் சற்று மெதுவாகச் சுற்றும், பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். நீண்ட நேரம் ஆடினால் தொட்டுப் பார்ப்பது நல்லது, பிளக்கைப் பிடுங்கிய பிறகு.

ஃபியூஸ், பல்பு, மல்ட்டிமீட்டர் போன்றவற்றைப் பெங்களூருவின் எஸ்.பி. ரோட்டில் தேடலாம். கருகிய காயிலை மோட்டார் காயில் கட்டும் கடையில் கட்டித் தரச் சொல்லலாம். ஆனால் அமெரிக்கக் காயிலின் சீட்டில் 24 என்றிருந்தால் அது அமெரிக்கக் கம்பி அளவான ஏ.டபிள்யூ.ஜி., 0.51 மில்லிமீட்டர். நம் கடைக்காரர் 24 என்று கேட்டதும் எடுப்பது பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி. கம்பியாக இருக்கலாம், 0.56. அதே எண்ணிக்கையில் சுற்றினால் மின்னோட்டம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். விட்டத்தை மில்லிமீட்டரிலேயே சொல்லி, பொருத்துமுன் ஓம் அளவைப் பார்த்துவிடுங்கள்.