மொட்டைக் கடிதம் எழுதும் விரிவுரையாளர்கள்

உயர்தரப் பெறுபேறு வந்தால் மதுரங்குளிச் சந்தியில் பதாகைகளுக்குப் பஞ்சமில்லை. கம்பஸ் கிடைத்த பிள்ளைகளின் படங்களுக்குப் பக்கத்திலேயே 'இலகு தவணையில் பட்டம்' விளம்பரங்களும் தொங்கும். அரச பல்கலைக்கழகங்களும் இன்று தரவரிசை, கட்டணக் கற்கைநெறி, 'இமேஜ்' என்று கம்பனிப் பாஷைதான் பேசுகின்றன. கம்பனிக்குப் பெயர் கெடக்கூடாது. ஆகவே பிழை செய்தவரை விட்டுவிட்டு, அதைச் சொன்னவரைத் தேடுகிறார்கள்.

இந்தப் பக்கத்துப் பெண் ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தவர். கையொப்பமிட்டு முடிந்த புள்ளித்தாளில் வெள்ளை மை பூசி 38 என்பதை 45 ஆக்கியிருந்ததைக் கண்டார். "வாய் திறந்தா அடுத்த வருஷம் கொன்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்க. வாப்பாட இறால் பண்ணையும் நட்டத்துல" என்கிறார். பெயர் போடாமல் கடிதம் எழுதினார். "கடிதத்துல இருந்தத ஒருத்தரும் விசாரிக்கல்ல. யார் எழுதினதுன்னுதான் விசாரிச்சாங்க."

பெயரோடு எழுதினால் மட்டும் எங்கே போகும்? 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி, பேரவைக்கும் மூதவைக்கும் தலைவர் உபவேந்தர்தான். நிர்வாகத்தைப் பற்றிய முறைப்பாடு நிர்வாகத் தலைவரின் மேசையைத் தாண்டுவதே பெரும்பாடு.

வெளியே சட்டம் இல்லாமல் இல்லை. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அச்சட்டப்படி தகவல் தந்த ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2023இன் ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் தருபவருக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. ஆனால் வருட ஒப்பந்தக்காரரை யாரும் தண்டிக்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும். அதற்குக் காரணம் கேட்பாரும் இல்லை. பிழை முதலில் கண்ணில் படுவதும் இவர்களுக்குத்தான். என் கவலை இதுதான்.

கம்பனிப் பணம் வந்தால் என்ன நடக்கும் என்பதை 1990களின் டொரன்டோ காட்டியது. தலசீமியா மருந்தின் ஆபத்தை நோயாளிகளுக்குச் சொல்ல முயன்ற பெண் ஆய்வாளரை மருந்துக் கம்பனி வழக்கு என்று மிரட்டியது. அதே காலத்தில் அவருடைய பல்கலைக்கழகம் அந்தக் கம்பனியிடம் பெரும் நன்கொடைக்குப் பேசிக்கொண்டிருந்தது. ஆசிரியர் சங்கம் அமைத்த சுயாதீன விசாரணைக் குழு 2001இல் அவர் பக்கமே நியாயம் என்றது.

சொந்தப் பகையில் பெட்டிசன் எழுதுவோரும் உண்டு என்பார்கள். உண்டுதான், பொய் முறைப்பாட்டுக்குத் தண்டனையும் அந்த 2023 சட்டத்திலேயே இருக்கிறது.

முறைப்பாட்டை உபவேந்தருக்கு வெளியே ஒருவர் கேட்க வேண்டும்; முறைப்பாடு செய்தவரின் ஒப்பந்தத்தை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பெற்றோரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அரசு, தனியார் என்ற பேதமின்றி, சட்டப்படி நிறுவப்பட்ட அல்லது அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனங்கள் தகவல் சட்டத்துக்குள் வருகின்றன. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையைச் சேர்க்குமுன், அங்கே எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனை விசாரிக்கப்பட்டன என்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கேளுங்கள்.