முகவரி அட்டையில் தமிழின் புள்ளி

ஜேர்மனியில் கடையோ கைத்தொழிலோ தொடங்கும் எம்மவர் விரைவில் அச்சிடுவிக்கும் பொருள்களுள் ஒன்று முகவரி அட்டை. 85 மில்லிமீற்றர் நீளமும் 55 மில்லிமீற்றர் அகலமும் உள்ள இச்சிறு அட்டையே எமது பெயரை அந்நியர் கையில் சேர்ப்பது. ஆகவே, அச்சிட்டபின் அதற்குச் செய்யப்படும் மெருகு வேலைகளை நாம் அறிந்து தெரிவு செய்தல் வேண்டும்.

மினுங்கும் படலம் ஒட்டிய அட்டை ஈரத்தையும் அழுக்கையும் தாங்கும். ஆயினும் அதன்மேல் பேனா மை எளிதில் பிடிக்காது. வாடிக்கையாளருக்கு நாளும் நேரமும் எழுதிக் கொடுக்கும் முடிதிருத்துநர், ஒரு பக்கத்தையேனும் படலமின்றி விடுதல் நன்று.

பொன்னிறப் பதிப்பில், சூடாக்கிய உலோக அச்சு மெல்லிய பொன்னிறப் படலத்தைத் தாளில் அழுத்தி ஒட்டுகின்றது. புடைப்பு வேலையில், மேலும் கீழுமான இரு அச்சுகளிடையே தாள் அழுந்த, எழுத்து மேலெழுகின்றது. 1914இல் லைப்சிக் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஹைடல்பேர்க் தட்டு அச்சியந்திரம், 1985இல் அதன் உற்பத்தி நின்ற பின்னரும், இவ்வேலைகளுக்கு இன்றும் பயன்படுகின்றது.

இவ்விடத்திலேதான் தமிழுக்கு இடர் நேர்கின்றது. எழுத்துச் சிறிதாயின் படலம் சுழிகளை அடைத்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி மறையும். ‘முருகன்’ ‘முருகன’ ஆகிவிடும். தமிழறியாத அச்சகத்தார் இப்பிழையைக் காணமாட்டார். எனவே பொன்னும் புடைப்பும் கடையின் சின்னத்திற்குப் போதும். தமிழ்ப் பெயரைச் சற்றுப் பெரிதாக, சாதாரண மையில் அச்சிடுவிப்போம். மாதிரிப் படியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு புள்ளியையும் நாமே பார்த்த பின்னரே ஒப்புதல் வழங்குவோம்.