குளித்த தண்ணீர் எங்கே போனது?

ஓசூரிலிருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகக் காட்டுப்பாதையில் இறங்கினால் ஒகேனக்கல். விடுமுறை நாளில் அங்கே போகிறவர்களில் பலருக்குப் பரிசலைவிட எண்ணெய் மசாஜ்தான் குறி. பாறையில் குப்புறப் படுத்தால், மசாஜ்காரர் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி முதுகில் பளாரென்று ஓர் அறை விடுவார். அப்புறம் நேராக அருவிதான்.

ரோமானியருக்கும் குளியல் எண்ணெயில்தான் தொடங்கியது. ஆலிவ் எண்ணெய் தேய்த்து, வியர்க்க விளையாடி, அழுக்கையும் எண்ணெயையும் ‘ஸ்ட்ரிஜில்’ என்ற வளைந்த உலோகச் சுரண்டியால் வழித்தெடுப்பார்கள். பிறகு வெந்நீர்த் தொட்டி. கி.பி. 216இல் ரோமில் திறக்கப்பட்ட கராகல்லா குளியல் மாளிகையின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. இந்தக் கட்டடங்களின் சூட்சுமம் தரைக்கு அடியில் இருந்தது. ஏறத்தாழ இரண்டடி உயரச் செங்கல் தூண்கள் மேல் தரை, பக்கத்தில் அடுப்பு. அனல் தூண்களுக்கிடையே பரவி, சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய்கள் வழியே மேலேறும்.

கழிப்பறையும் பொதுதான். ரோமின் ஆஸ்டியா துறைமுகத்தில் வரிசையாகத் துளையிட்ட பளிங்குப் பலகைகளைப் பார்க்கலாம், தடுப்பு கிடையாது. கீழே ஓடும் தண்ணீர், குச்சியில் கட்டிய கடற்பஞ்சு. பஞ்சால் துடைத்தார்களா, கழிப்பறையைத் தேய்த்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

இவ்வளவும் இருந்தும் வயிறு சுத்தமாகவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பியர்ஸ் மிட்செல் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ரோமானியர் காலத்தில் உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் குறையவே இல்லை. பேனும் தெள்ளுப்பூச்சியும் அப்படியே. தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றாததும், மனிதக் கழிவை வயலுக்கு உரமாக்கியதும் காரணமாக இருக்கலாம் என்கிறார். புளிக்கவைத்த ‘காரும்’ என்ற மீன் சாறு, மீன் நாடாப்புழுவை ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கலாமாம்.

அந்தக் காரும் நம் கடற்கரைக்கும் வந்தது. புதுச்சேரி அரிக்கமேட்டில் கிடைத்த அம்போரா ஜாடிகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், ஒயினோடு ஆலிவ் எண்ணெய் ஜாடிகளும் காரும் ஜாடிகளும் இருந்ததைக் கண்டார். ஆனால் ரோமானியர் குளியல் கூடம் எதுவும் அங்கே அகப்படவில்லை. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது செங்கல் தொட்டிகளும் வடிகால்களும் வெளிப்பட்டன. துணிக்குச் சாயம் ஏற்றிய தொட்டிகள் என்றே அவர் கருதினார்.

குளியல் மாளிகை இல்லையே என்று நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. கீழடியில் சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகளும், ஒன்றுக்குள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்களும் கிடைத்திருக்கின்றன. மாளிகையைவிட இந்தக் குழாய்தான் என் கண்ணில் பெரிது. தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் யோசித்த ஊர் அது.

ரோமில் மலைநீர் சரிவில் தானாக வந்தது. ‘க்ளோகா மாக்சிமா’ என்ற பெருஞ்சாக்கடை எல்லாவற்றையும் டைபர் ஆற்றில் தள்ளியது. நம் பக்கம் காவிரி நீர் மோட்டாரால் மேடேறுகிறது: 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம், ஃபுளோரைடு நீரால் மக்களின் பல்லில் கறை படிந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கானது. போகிற தண்ணீரைப் பார்க்க விரும்பினால் ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்குப் போகலாம். பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீரைச் சுமந்துகொண்டு வரும் தென்பெண்ணை, மதகு திறக்கும்போது ஆளுயரத்துக்கு வெள்ளை நுரை தள்ளும். கீழே அந்த நீரை நம்பி வயல்கள் இருக்கின்றன.