தோட்டவேலையும் முதுகுநோவும்

உடலுழைப்புக்கள் பலவற்றுள்ளும் தோட்டவேலை சிறப்புடையது. வீட்டுக்குக் காய்கறியையும், உடலுக்கு உரத்தையும், மனத்துக்கு அமைதியையும் அது ஒருங்கே அளிக்கின்றது. எனினும், மாரிமழை ஓய்ந்து நிலங்கொத்தத் தொடங்கிய இரண்டொரு நாளில், "நாரி பிடித்துவிட்டது" என்று இடுப்பிற் கையூன்றி நிற்போரை யாழ்ப்பாணத்து ஊர்களிற் காணலாம். சிலர் அந்நோவினை வயதின் குற்றமென்றும் விதியின் பயனென்றுங் கொண்டு தோட்டத்தையே கைவிடுவர். நாட்கூலிக்குக் களைபிடுங்கும் பெண்களுக்கோ கைவிடவும் வழியில்லை. நோவோடு குனிந்தே அவர்கள் அன்றாட உணவைத் தேடவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் கீழ்முதுகு நோவினால் வருந்தினர். ஆகவே, இந்நோவு யாங்ஙனம் உண்டாகின்றது, அதனைத் தடுக்கும் வழிகள் யாவை என்பனவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

முள்ளந்தண்டின் அமைப்பு

முள்ளந்தண்டு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, நாரிப் பகுதியில் 5 ஆக 24 முள்ளென்புகள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே திருவென்பும் வாலென்பும் உள. அடுத்தடுத்த முள்ளென்புகளுக்கிடையே மெத்தைபோன்ற தட்டுக்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் நீர்ச்செறிவுமிக்க பாகுபோன்ற பொருளும், அதனைச் சூழ வலிய நார்வளையங்களும் இருக்கின்றன. உடல் முன்னோக்கி வளையும்போது தட்டின் முன்புறம் நெருக்கப்படுகின்றது. பின்புறத்து நார்கள் இழுபடுகின்றன. தட்டுப் பிதுங்கி நரம்பினை அழுத்துவதாற் கால்வழியே நோவு பரவக்கூடும் என்பதை 1934 ஆம் ஆண்டில் மிக்ஸ்ரர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் விளக்கினர். ஆயினும், முதுகுநோவுற்றோருட் பெரும்பாலாருக்குத் தட்டுப் பிதுங்குவதில்லை. பழக்கமற்ற உழைப்பினால் தசைகளும் அவற்றோடிணைந்த நார்களும் வருந்துவதே பலரிடத்துங் காரணமாகும்.

நெம்புகோல் தரும் விளக்கம்

குனிந்து ஒரு சுமையைத் தூக்குபவரின் முதுகு நெம்புகோல் போலத் தொழிற்படுகின்றது. நாரியிலுள்ள முள்ளென்பு பொறுதியாகவும், கையிலுள்ள பொருள் சுமையாகவும், முதுகுத்தசையின் இழுப்பு எத்தனமாகவும் அமைகின்றன. முதுகுத்தசை பொறுதியிலிருந்து ஏறத்தாழ 5 சதமமீற்றர் தூரத்திலேயே உள்ளது. கையை நீட்டிப் பிடித்த பொருளோ 50 சதமமீற்றர் தூரத்தில் இருக்கலாம். அவ்வாறாயின் 10 கிலோகிராம் எருக்கடகத்தைத் தாங்குதற்குத் தசை 100 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையுடன் இழுத்தல் வேண்டும். அதே கடகத்தை உடலோடணைத்து 20 சதமமீற்றர் தூரத்திற் பிடிப்பின், 40 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையே போதியதாகும். முன்வளைந்த மேலுடம்பின் பாரத்தைத் தாங்குதற்கு வேண்டிய விசை இவற்றுக்குப் புறம்பானது. எனவே, வெறுங்கையுடன் நெடுநேரங் குனிந்திருப்பதும் முதுகுக்குச் சுமையே என்பது பெறப்படும்.

தடுக்கும் வழிகள்

முதலாவது, காலமறிந்து தொடங்குதல். இரவில் உறங்கும்போது முள்ளந்தண்டுத் தட்டுக்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. இதனாலேயே மனிதன் மாலையிலும் பார்க்கக் காலையில் 1 முதல் 2 சதமமீற்றர் வரை உயரமாய் இருக்கின்றான். உப்பிய தட்டு வளைவினை எளிதில் ஏற்பதில்லை. ஆதலால், படுக்கை விட்டெழுந்தவுடன் மண்வெட்டியைப் பிடித்தல் நன்றன்று. வெயிலுக்கு முன் வேலை முடிக்க விரும்புவோர், பந்தலிற் காய் பறித்தல், வேலி பார்த்தல் போன்ற நின்று செய்யும் வேலைகளை முதல் ஒருமணி நேரத்துக்கு வைத்துக்கொண்டு, பின்னர் குனிந்து செய்பவற்றைத் தொடங்கலாம்.

இரண்டாவது, வேலையை மாற்றி மாற்றிச் செய்தல். நெடுநேரம் வளைந்திருந்தால் முதுகின் நார்கள் நெகிழ்ந்து தம் உறுதியைச் சிறிது இழக்கின்றன. நிமிர்ந்தவுடன் அவ்வுறுதி மீள்வதில்லை. எனவே, கால்மணிக்கொருமுறை எழுந்து, இடுப்பிற் கைவைத்து மெல்லப் பின்சாய்ந்து, சிறிது நடத்தல் வேண்டும். நெடுநேரங் களைபிடுங்கியவர் எழுந்த கையோடு நிறைந்த கடகத்தைத் தூக்குதல் ஆகாது.

மூன்றாவது, நிலைகளைத் திருத்துதல். பாத்தியிற் களைபிடுங்குவோர் இடுப்பை வளைத்து நிற்பதிலும், மடித்த சாக்கின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, ஒரு கையை நிலத்திற் றாங்கி வேலைசெய்தல் நலம். நீர்பாய்ச்சி ஈரமான மண்ணிற் களை எளிதில் வரும். இழுக்கும் வருத்தமுங் குறையும். சுமையைத் தூக்கும்போது அதனை அண்டி நின்று, முழங்காலை மடித்து, உடலோடணைத்து எழுதல் வேண்டும். தூக்கியபின் இடுப்பைத் திருகாது, பாதங்களை மாற்றிவைத்தே திரும்புதல் வேண்டும். ஒரு கையிற் பெருவாளி சுமப்பதிலும், இரு கைகளிலும் இரு சிறுவாளிகள் சுமப்பது மேலானது.

நான்காவது, ஏற்ற கருவியைத் தெரிதல். இதன் இன்றியமையாமையைக் கலிபோர்ணியாவின் வரலாறு உணர்த்தும். அங்குள்ள பெருந்தோட்டங்களிற் கூலியாளர் இரண்டடிக்கும் மேற்படாத குறும்பிடிக் களைக்கொத்தினால், நாள்முழுதும் இடுப்பொடியக் குனிந்து வேலைசெய்தனர். நீண்ட பிடி பயிருக்குக் கேடு விளைக்குமென்று தோட்ட உடைமையாளர் வாதித்தனர். மருத்துவர் பலர் அக்கருவி முதுகினைக் கெடுத்தலை எடுத்துரைத்தனர். 1975 ஆம் ஆண்டில் அம்மாநிலத்து மீயுயர் நீதிமன்று தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. குறும்பிடிக் கொத்தும் வழக்கொழிந்தது. அதன்பின்னரும் அத்தோட்டங்கள் விளைவு தந்தே வருகின்றன.

நம்மவரும் இதனைச் சிந்தித்தல் தகும். திருநாவுக்கரசு நாயனாரின் திருவுருவங்களிற் காணப்படும் உழவாரம் தோளிற் சாரும் நீண்ட காம்புடையது. நின்றபடியே புற்செருக்குதற்கு ஏற்றது. மண்வெட்டிப் பிடியும் அவரவர் உயரத்துக்கு அமைதல் வேண்டும். தந்தைக்கு இட்ட பிடி மகனுக்கும் பொருந்துமென எண்ணுதல் தவறு. அலகு மழுங்கிய மண்வெட்டி இரட்டிப்பு உழைப்பை வேண்டுமாதலின், அதனைத் தீட்டி வைத்தலும் முதுகைக் காக்கும் முறையேயாம்.

நோவு வந்தபின்

இத்துணையும் காத்தும் நோவு வரின் அஞ்சவேண்டியதில்லை. பெரும்பாலான முதுகுநோவு சில வாரங்களில் தானே தணியும். முன்னர் படுக்கையிற் பலநாள் கிடத்தலே மருந்தெனக் கருதப்பட்டது. இன்றைய மருத்துவர் அதனை விலக்கி, இயன்ற அளவு நடமாடுதலையே விதிக்கின்றனர். ஆயினும், காலில் வலுக்குறைதல், தொடைகளுக்கிடையே விறைத்தல், மலசலம் கட்டுப்படாமை, காய்ச்சல் என்பவற்றுள் ஒன்று நோவுடன் தோன்றினும், விழுந்தெழுந்தபின் கடுநோவு உண்டாயினும், காலந்தாழ்த்தாது மருத்துவமனையை நாடல் வேண்டும்.

மேற்கூறியவற்றுட் பொருட்செலவு மிக்கது யாதுமில்லை. ஒரு நீண்ட பிடி, ஒரு மடித்த சாக்கு, கால்மணிக்கொரு சிற்றோய்வு என்பனவே வேண்டுவன. தம் வீட்டுத் தோட்டத்தைக் கொத்துவோர் இவற்றைத் தாமே மேற்கொள்ளலாம். கூலிக்குக் குனிவோரோ கேட்கவுந் துணியார். நிமிர்ந்து நின்றாற் சோம்பலெனப் பெயர்வருமென்று அஞ்சுவர். எனவே, பிறர் முதுகின் உழைப்பால் விளைவு பெறுவோர், அம்முதுகு நிமிர்தற்கு வேண்டிய கருவியையும் நேரத்தையும் கேளாமலே அளித்தல் கடனாகும்.