பழைய வீட்டிலிருந்து ஒரு புதிய அறை

1989ஆம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னர், வேலூர் சாலையிலுள்ள வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்தது. அதன்பின் நெல்லும் மணிலாவும் விளைந்த நிலங்கள் மனைகளாயின. இன்று அம்மனைகளுக்கு நடுவே எஞ்சி நிற்கும் ஓட்டு வீடுகளும் ஒவ்வொன்றாகத் தரைமட்டமாகின்றன. ஜேசிபி இயந்திரம் காலையில் வந்தால், நண்பகலுக்குள் ஒரு தலைமுறையின் உழைப்பு மண்மேடாகிவிடுகிறது.

இடிக்க வருவோர் பெரும்பாலும் ஒரே பேச்சைத்தான் பேசுவர்: "கூலி வேண்டாம், கிடைக்கும் சாமான்களை மட்டும் எடுத்துக் கொள்கிறோம்." வீட்டுக்காரரும் மகிழ்ந்து தலையசைத்து விடுகிறார். தேக்கு நிலை, வைரம் பாய்ந்த உத்திரம், கருங்கல் தூண் ஆகியவை இவ்வாறு கைமாறி எங்கெங்கோ செல்கின்றன. காரைக்குடியில் இத்தகைய பொருட்களை விற்பதற்கென்றே ஒரு வீதி நிறையக் கடைகள் இருக்கின்றன. அங்கே விலை கேட்டவர்களுக்குத்தான் அந்த இலவச இடிப்பின் உண்மையான கூலி விளங்கும்.

பழைய வீட்டைக் கழற்றி மீண்டும் எழுப்ப இயலுமா என ஐயுறுவோர், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவைக் காணலாம். 1996இல் திறக்கப்பட்ட அவ்வளாகத்தில், தென்னிந்தியாவின் பல பகுதிகளிலும் இடிபடவிருந்த வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து நிறுத்தியுள்ளனர். கேரளத்துப் புதுப்பள்ளியில் 1850இல் கட்டப்பட்ட மரவீடு ஒன்றும் அவற்றுள் அடங்கும். சிக்கனக் கட்டடக்கலைக்குப் பெயர்பெற்ற லாரி பேக்கர் (1917–2007) அவ்வளாகத்தின் அமைப்புக்குத் துணைநின்றவர்.

இது புதிய வழக்கமும் அன்று. குறைஷியர் கஃபாவைப் புதுப்பித்தபோது, கரையில் உடைந்து ஒதுங்கிய கப்பலின் மரங்களை வாங்கியே கூரையிட்டனர் என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் படித்தோர் அறிவர்.

வீட்டைப் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. கட்டிய வரிசைக்கு நேர்மாறாக, மேலிருந்து கீழே வரவேண்டும். முதலில் ஓடு, பிறகு ரீப்பர், அதன்பின் கைமரம், உத்திரம். நிலையையும் கதவையும் சுவரோடு சாய்க்காமல், சுற்றிலும் உளியால் காரையைத் தட்டி விடுவித்தே எடுக்க வேண்டும். இயந்திரத்திற்கு இங்கே வேலையில்லை. நல்ல ஆசாரி ஒருவரும் இரண்டு ஆட்களும் போதும்.

செங்கல்லின் செய்தி சுவையானது. சுண்ணாம்புக் காரையிலோ களிமண்ணிலோ கட்டிய கல், மெல்லத் தட்டினால் முழுதாகக் கழன்று வரும். சிமெண்டுச் சாந்தில் கட்டியதோ, கல் உடைந்தாலும் சாந்து விடாது. இணைப்பு கல்லைவிடக் கடினமாகிவிடுவதே காரணம். நம் முன்னோர் கட்டியவற்றை நாம் மீண்டும் பயன்படுத்த முடிகிறது. நாம் இன்று கட்டுபவற்றில் நம் பேரர்களுக்கு என்ன தேறும் என்பது எனக்கு விளங்கவில்லை.

எங்கள் குடும்ப வீட்டின் பின்சுவர் 2021ஆம் ஆண்டு மழையில் சரிந்தது. முழுவதும் புதுப்பிக்கப் பொருள் வசதியில்லை. எனவே வீட்டை இறக்கி, மனையின் பின்புறத்தில் 10க்கு 12 அடியில் ஓர் அறையும், அதன் முன்னே சிறு தாழ்வாரமும் கட்டுவதெனத் தீர்மானித்தோம். பிள்ளைகள் ஓதவும் படிக்கவும் ஓரிடம், விருந்தினர் வந்தால் தங்க ஓரிடம், அவ்வளவே.

ஓட்டைத் தொடுவதற்கு முன்னரே என் சகோதரிகள் இருவரையும் அழைத்தோம். இதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். தந்தை விட்டுச் சென்ற மனையை அளந்து பங்கிடுவோர்கூட, கதவையும் உத்திரத்தையும் "பழைய கட்டை" என்று ஒதுக்கிவிடுகின்றனர். அங்கேயே இருக்கும் ஆண்மக்களிடம் அவை தங்கிவிடுகின்றன. வாரிசுப் பொருள் சிறிதாயினும் பெரிதாயினும் அதில் பெண்களுக்கும் பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் தெளிவான கட்டளை. தேக்கு நிலைக்கு அதிலிருந்து விலக்கு ஏது? ஆசாரி ஒவ்வொரு பொருளுக்கும் மதிப்புச் சொன்னார். அதனை ஒரு தாளில் எழுதி, நான் வைத்துக் கொண்டவற்றுக்கு உரிய தொகையைச் சகோதரிகளின் பங்கில் சேர்த்தோம். பெரியவர் ஊஞ்சல் பலகையைக் கேட்டார். இளையவருக்கு ஆட்டுக்கல்மீது ஆசை. பணம் வேண்டாமென இருவரும் மறுத்தனர். இருப்பினும் கொடுத்தே முடித்தோம்.

மரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தே தேர்ந்தெடுத்தார் ஆசாரி. கணீரென ஒலித்தால் நல்ல மரம். மந்தமாக ஒலித்தால் உள்ளே கரையான் குடைந்திருக்கும். பழைய கதவுகளின் வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால் உலர்வாகச் சுரண்டலாகாது. நனைத்துத் தேய்க்க வேண்டும். அவ்வேளையில் சிறுவர்களை அருகில் விடுதல் கூடாது.

திண்ணையின் இரு கல்தூண்களும் ஆறடியே இருந்தன. தாழ்வாரத்துக்கோ ஏழரை அடி வேண்டும். கொத்தனார் ஒன்றரை அடியில் கருங்கல் பீடம் கட்டி அவற்றின்மீது நிறுத்தினார். இதே சிக்கலை ஸ்பெயினின் குர்துபா பெரிய பள்ளிவாசலைக் கட்டியோரும் சந்தித்தனர். 785ஆம் ஆண்டளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் அதைத் தொடங்கியபோது, ரோமானியர் காலத்துப் பழைய தூண்களையே பயன்படுத்தினர். கூரைக்கு வேண்டிய உயரம் அவற்றில் இல்லை. ஆகவே வளைவின்மேல் வளைவாக இரண்டடுக்கு அமைத்தனர். உலகம் இன்றும் வியக்கும் அழகு, தூண் குட்டையானதால் வந்தது!

கிணற்றைத் தூர்த்துவிட்டால் அறையை இன்னும் பெரிதாக்கலாம் என்று பலரும் கூறினர். எங்கள் தாயார் இணங்கவில்லை. கடும்பாறை நிலமாகிய இவ்வட்டாரத்தில், ஒருமுறை தூர்த்த கிணற்றை மீண்டும் தோண்டுவது எளிதன்று. தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கெனத் தனிக்குழி தோண்டாமல், கூரை நீரை ஜல்லி, மணல், கரி அடுக்கிய தொட்டியில் வடித்துக் கிணற்றிலேயே விடுகிறோம். பருவத்தின் முதல் மழைநீரை மட்டும் வெளியே திருப்பிவிட வேண்டும். ஓட்டின் தூசியும் பறவைகளின் எச்சமும் அதில்தான் வரும். கிணற்றின் வாய்க்கு இரும்புக் கம்பி மூடியும் இட்டாயிற்று.

கூரைக்கு ஏறத்தாழ 300 சீமை ஓடுகள் செலவாயின. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் தொழிற்சாலை தொடங்கிவைத்த அதே வகை ஓடுதான். எனினும் ஒரு தொழிற்சாலையின் அச்சு மற்றொன்றோடு சரியாகப் பொருந்துவதில்லை. அதனால் மீந்த 40 ஓடுகளை விற்காமல் மதிலோரம் அடுக்கி வைத்திருக்கிறோம். மலையிலிருந்து வரும் குரங்குகள் சென்ற ஆண்டு மட்டும் அவற்றில் ஏழுக்கு வேலை கொடுத்துவிட்டன.