இலவசமா படம் காட்டுறாங்க... எடுத்தவருக்கு காசு எப்படி வருது?

சந்தா கிடையாது. படத்துக்கு நடுநடுவே விளம்பரம் வரும், அவ்வளவுதான். அமெரிக்காவில் டுபி, புளூட்டோ டிவி போன்ற ஓடிடி தளங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

எப்போ ஆரம்பிச்சது?
ஆவணப்படங்களை இலவசமாகக் காட்டிய ஸ்னாக்ஃபில்ம்ஸ் தளம் 2008-லேயே வந்துவிட்டது. தொடங்கியவர் 'நான்கிங்' ஆவணப்படத்தின் தயாரிப்பாளர் டெட் லியோன்சிஸ். தியேட்டர் கிடைக்காத படங்களை மக்களிடம் கொண்டுபோவதுதான் நோக்கம்.

பணம் எப்படி வருது?
பெரும்பாலும் விளம்பர வருமானத்தை தளமும் படத்தின் உரிமையாளரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். எத்தனை பேர் படத்தைத் திறந்தார்கள் என்பதைவிட, எத்தனை விளம்பரம் ஓடியது என்பதே கணக்கு. நீங்கள் பத்தே நிமிடத்தில் மூடிவிட்டால், அதற்குப் பிறகு வரவேண்டிய விளம்பரக் காசு போச்சு!

இது பெரிய பிசினஸா?
ஆமாம். 2019-ல் புளூட்டோ டிவியை வயாகாம் 34 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே டுபியை ஃபாக்ஸ் 44 கோடி டாலருக்கு வாங்கியது.

அப்போ சிக்கல் எங்கே?
கிராக்கிள் தளத்தை நடத்திய 'சிக்கன் சூப் ஃபார் தி சோல் என்டர்டெயின்மென்ட்' 2024-ல் திவாலானது. கிராக்கிளும் மூடப்பட்டது. தளம் இப்படி விழுந்தால், பாக்கி வரவேண்டிய தயாரிப்பாளரும் மற்ற கடன் கொடுத்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். பெரிய ஸ்டுடியோ அதைத் தாங்கும். ஒரே ஒரு படம் எடுத்தவர்?

கையெழுத்துக்கு முன் என்ன பார்க்கணும்?
• பங்குப் பணம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும்?
• படத்தை வேறு தளத்துக்கும் கொடுக்கலாமா?
• தளம் மூடினால் உரிமை உடனே திரும்பி வருமா?

பார்ப்பவருக்குத்தான் இது இலவசம். எடுத்தவருக்கு, ஒப்பந்தத்தில் இருப்பதுதான் காசு.