வட்டத்தில் அவளுக்கும் ஓர் இடம்

சூனியக்காரி என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும். எலுமிச்சம் பழத்தையும் மிளகாயையும் தேடி ஓடுவோம். ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்த, உத்தியோகம் பார்க்கிற, பேரன் பேத்தி எடுத்த பெண்மணிகள் பலர் 'நான் ஒரு விட்ச்' என்று வெகு சாதாரணமாகச் சொல்லிக் கொள்கிறார்கள். பௌர்ணமியன்று கூடி வட்டமாக நின்று தேவியைக் கும்பிடுகிறார்கள். வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை கொண்டாடுகிறார்கள். யாருக்கும் தீங்கு நினைக்கக் கூடாது என்பது அவர்கள் முக்கியமாகச் சொல்லும் விதி.

இப்படிப்பட்ட நல்ல விதி இருக்கிற இடத்திலும் தோலின் நிறம் பார்த்து ஒதுக்குவது உண்டா? உண்டு, சகோதரிகளே. அதை எதிர்த்து அங்குள்ள சில வெள்ளைக்காரப் பெண்களே எப்படித் தோள் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2022-ல் என் தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்காக கலிபோர்னியா போய் ஆறு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தியம் சமைக்கிற வாசனை பிடித்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுக் கொடுத்து சிநேகிதியானார். எனக்குத் தெரிந்த பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் எங்கள் இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்

அவர் கும்பிடும் மதத்துக்கு 'விக்கா' என்று பெயர். கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் இருந்த தெய்வங்களை மறுபடியும் வழிபடுகிற பிரிவுகள் பல. எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் 'பேகன்'. விக்காவை உலகறியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1735-ல் போட்ட பழைய சூனியச் சட்டத்தை இங்கிலாந்தில் 1951-ல்தான் ரத்து செய்தார்கள். 1954-ல் கார்ட்னர் எழுதிய புத்தகம் வந்த பிறகு இந்த வழிபாடு கடல் தாண்டிப் பரவியது.

இந்தக் கார்ட்னர் வாலிப வயதில் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்! பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டம், அப்புறம் சுங்க இலாகா. அந்தத் தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்கள் பெரும்பாலும் நம் ஜனங்கள்தான். கர்மா, சக்கரம் என்ற நம்முடைய சொற்கள் இன்றைக்கு விட்ச்சுகள் வாயில் சரளமாக வருகின்றன. ஆகவே, 'இது கலப்பே இல்லாத வெள்ளைக்காரர் சொத்து' என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வர வேண்டும். ஆனால் சொல்கிறார்கள்.

பூங்காவில் நடந்தது

செப்டம்பர் மாதம், பகலும் இரவும் சமமாக வரும் நாளில் ஒரு பூங்காவில் பண்டிகை. நாலைந்து குழுக்கள் சேர்ந்து நடத்தின. பக்கத்து வீட்டு அம்மாள் என்னையும் தங்கையின் மூத்த பெண்ணையும் அழைத்துப் போனார். அவர் குழுவில் ஒரு கறுப்பினப் பெண்மணி உண்டு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். அன்றைக்கு அவர் சோள ரொட்டி செய்து கொண்டு வந்திருந்தார்.

சாப்பாட்டு மேஜையருகே வேறொரு குழுவைச் சேர்ந்த ஒருவர் அவரிடம் சிரித்த முகத்தோடு கேட்டார்: "உங்க முன்னோர்களுக்கு ஆப்பிரிக்காவில் தனியாத் தெய்வங்கள் இருக்குமே? எங்க தெய்வங்களை ஏன் கும்பிடறீங்க?"

சுற்றியிருந்தவர்கள் தட்டைப் பார்த்துக் கொண்டார்கள். அந்தப் பெண்மணி பதில் சொல்லவில்லை. ரொட்டியை மட்டும் மெதுவாக மூடி வைத்தார். என் பக்கத்து வீட்டு அம்மாள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவங்க எங்க குழு. ஒன்பது வருஷமா எங்களோட நிக்கறாங்க. அவங்க முன்னோர் யாருன்னு நீங்க கேட்டது தப்பு. என்னை நீங்க அப்படிக் கேட்கலையே?"

அந்த மனிதர் முணுமுணுத்துக் கொண்டே போய்விட்டார். ஆனால் விவகாரம் அதோடு முடியவில்லை. 'நல்ல நாளும் அதுவுமா ஏன் ரசாபாசம் பண்ணினே?' என்று விழா நடத்தியவர்கள் அம்மாளைத்தான் கோபித்துக் கொண்டார்கள். அவருடைய குழுவிலிருந்தே மூன்று பேர் விலகினார்கள். அதில் ஒருவர் இருபது வருஷத்துச் சிநேகிதி. "அவ போன் பண்ணுவாளான்னு இன்னும் பார்க்கறேன்" என்று அம்மாள் ஒருநாள் என்னிடம் கண் கலங்கினார். ஆனால், 'பேசாமல் இருந்திருக்கலாமோ' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

எனக்கு இதைவிட மனதில் தைத்தது அந்த பஸ் ஓட்டும் பெண்மணி சொன்னதுதான். ஒரு வாரம் கழித்து எங்கள் சமையலறையில் காபி குடித்துக் கொண்டு அவர் பேசினார்: "அன்னிக்கு அவ பேசினது நல்லதுதான். ஆனா எனக்காக யாரும் அழ வேண்டாம். என்னைக் கேட்காம என் பேரில் சண்டையும் வேண்டாம். அந்த ஆள் இப்படிக் கேட்கிறவர்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும். நான் ரொட்டியை எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடியே அதைக் கவனிச்சிருக்கலாமே?"

பிறகு என்னைப் பார்த்து, "உங்க ஊரில் கோயில்லே எல்லாரையும் விடுவாங்களா?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். 1939-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக் கொண்டு போனவர் வைத்தியநாதய்யர் என்ற பிராமண வக்கீல் என்பதையும், அதற்காகச் சொந்த ஜனங்களிடமே அவர் ஏச்சு வாங்கியதையும், ஜாதி பார்ப்பது இன்னும் ஒழியவில்லை என்பதையும் சொன்னேன். "அப்போ உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம்" என்று சிரித்தார்.

வாய் திறந்தவர்கள்

இது ஒரு பூங்காவோடு போகிற விஷயம் இல்லை. ஓடின், தோர் முதலிய வட ஐரோப்பியத் தெய்வங்களைக் கும்பிடும் 'ஆசாத்ரு' என்ற பிரிவு உண்டு. அமெரிக்காவில் ஆசாத்ரு ஃபோக் அசெம்ப்ளி என்ற அமைப்பு, வட ஐரோப்பிய வம்சத்தில் வந்த வெள்ளையர்களுக்கே இந்த மதம் என்ற கொள்கை உடையது. 2016-ல் அது இதைப் பகிரங்கமாக அறிவித்தபோது, அதே தெய்வங்களைக் கும்பிடும் மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் 'பிரகடனம் 127' என்ற அறிக்கையில் கையெழுத்திட்டு, அந்த அமைப்போடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றன. 127 என்பது அவர்களுடைய பழைய நூலில் ஒரு செய்யுளின் எண். தீமையைக் கண்டால் தீமை என்று சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து.

அதே அமைப்பு 2020-ல் மினசோட்டா மாநிலத்தில் மர்டாக் என்ற சிற்றூரில் பழைய மாதா கோயில் கட்டடம் ஒன்றை வாங்கியது. முந்நூறு பேர்கூட இல்லாத ஊர் அது. ஊர்க்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். ஆனால் மத சுதந்திரச் சட்டம் குறுக்கே நின்றது. ஊர்ச் சபை அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. சட்டத்தால் மட்டும் எல்லாவற்றையும் தடுக்க முடியாது, பக்கத்தில் நிற்பவர்கள் வாய் திறந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சின்னங்களின் கதை இன்னொன்று. நம் வீட்டு வாசலிலும் கணக்குப் புத்தகத்திலும் போடும் ஸ்வஸ்திகத்தை நாஜிகள் எடுத்துக் கெடுத்தது எல்லோருக்கும் தெரியும். அதேபோல 'ரூன்' என்ற பழைய ஐரோப்பிய எழுத்துக்களையும் எடுத்துக் கொண்டார்கள். 2016-ல் அமெரிக்க நாஜிக் கட்சி ஒன்று ஸ்வஸ்திகாவை மாற்றி 'ஓடல்' என்ற ரூன் எழுத்தைச் சின்னமாக்கிக் கொண்டது. அதனால் பக்தியோடு அந்த எழுத்தை அணிகிற பேகன்கள், 'நாங்கள் அவர்கள் இல்லை' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாம்பிராணியும் வெள்ளை சேஜும்

நாம் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவது போல அங்கே பலர் 'வெள்ளை சேஜ்' என்ற இலையைக் கட்டாகக் கொளுத்திப் புகை காட்டுகிறார்கள். அது தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோ பகுதியிலும்தான் இயற்கையாக விளைகிறது. சூமாஷ் முதலான அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு அது மருந்து, தெய்வீகச் செடி. தங்கள் சடங்குகளைத் தடையின்றிச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு என்று அமெரிக்காவில் சட்டம் வந்ததே 1978-ல்தான். இப்போது கடைகளில் விற்பதற்காகக் காட்டுச் செடியை மூட்டை மூட்டையாகத் திருடி வெட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் அதை வாங்குவதை நிறுத்திவிட்டு, தோட்டத்தில் வளரும் ரோஸ்மேரியைக் கொளுத்துகிறார். (கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எந்தப் புகையுமே ஆகாது. நம் சாம்பிராணியும் சேர்த்துத்தான். தங்கை வீட்டில் நான் போட விடவில்லை.)

என்னிடம்கூட இரண்டு பெண்கள் வந்து காளி மந்திரம் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். காளியைக் கும்பிடும் விட்ச்சுகள் அங்கே நிறைய. எனக்கு அதில் வருத்தம் இல்லை, அம்மன் எல்லோருக்கும் பொது. ஆனால் என் பெயரைக்கூடக் கேட்காமல் மந்திரத்தைக் கேட்டால் எப்படி? பக்கத்து வீட்டு அம்மாள்தான் குறுக்கிட்டு, "முதல்ல அவங்க ஊரில் எப்படிக் கும்பிடறாங்கன்னு கேளுங்க. அவங்க சொல்ல இஷ்டப்படலைன்னா விட்டுடுங்க" என்றார். பிறகு ஆடி மாதத்தில் கூழ் ஊற்றுவதை நானே விரும்பிச் சொன்னேன். மந்திரத்தை விட கூழ் அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று!

1692-ல் சேலம் என்ற அமெரிக்க ஊரில் சூனியக்காரிகள் என்று பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள். நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். முதன்முதலில் குற்றம் சாட்டப்பட்ட மூவரில் ஒருத்தி, பாதிரியார் வீட்டு அடிமைப் பெண் டிட்டுபா. அவளைத் தூக்கில் போடவில்லை, வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தாள். இன்றைக்கு 'நான் விட்ச்' என்று பெருமையாகச் சொல்லிக் கொள்கிறவர்கள் அவளை மறக்கலாமா?

நாம் செய்யக் கூடியது

விட்ச்சுகளின் வட்டம் நமக்கு வேண்டாம். ஆனால் பஜனைக் குழு, மாதர் சங்கம், குழந்தைகளின் பிறந்த நாள் என்று நமக்கும் வட்டங்கள் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற நம் பெண்களுக்கு இன்னும் அதிகம் உண்டு. அந்த இருவரிடமும் நான் பார்த்துத் தெரிந்து கொண்டவை இவை:

1. யாரையாவது மட்டம் தட்டிப் பேசினால் அந்த இடத்திலேயே, அமைதியாகச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து தனியாக ஆறுதல் சொல்வது பாதி உதவிதான்.

2. 'உங்களுக்கு என்ன செய்தால் நல்லது?' என்று சம்பந்தப்பட்டவரையே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

3. அடுத்தவர் வழிபாட்டிலிருந்து எதையாவது எடுப்பதானால் அது யாருடையது, அவர்களுக்கு சம்மதமா என்று விசாரியுங்கள்.

4. குழுவுக்கு விதிமுறை எழுதி வையுங்கள். சண்டை வந்த பிறகு எழுதினால் அது ஒருவர் பேரில் எழுதியதாகிவிடும். அந்த அம்மாளின் குழு அக்டோபரில் இப்படி ஒரு பக்கம் எழுதி, புதிதாகச் சேருபவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க ஆரம்பித்தது.

5. இதற்கெல்லாம் பாராட்டு எதிர்பார்க்காதீர்கள். சில சமயம் சிநேகிதம் போகும். அது தெரிந்துதான் பேச வேண்டும்.

பூங்காவிலிருந்து வந்த அன்று தங்கையின் பெண், "பெரியம்மா, நம்மளையும் அப்படிக் கேப்பாங்களா?" என்றாள். ஏழு வயதுக் குழந்தை. "கேட்கலாம். கேட்டா அப்பா அம்மாகிட்ட வந்து சொல்லு. வேற யாரையாவது கேட்டா, நீ அந்தப் பக்கம் போய் நில்லு" என்றேன். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தனியாகப் பாடம் வேண்டியதில்லை. வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கு எந்த டம்ளரில் காபி கொடுக்கிறோம் என்பதை அவர்கள் தினமும் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறார்கள்.